பாதாளச் சாக்கடையிலிருந்து மேலேறி வந்த எழுத்து: யெஜி ஸ்தெஃபான் ஸ்தாவின்ஸ்கி, கேள்வி பதில்

யெஜி ஸ்தெஃபான் ஸ்தாவின்ஸ்கி (1921–2010) போலந்துத் திரைக்கதையாசிரியர், நாவலாசிரியர். ஜெர்மன் ஆக்கிரமிப்பை எதிர்த்து நடந்த 1944 வார்சா எழுச்சியில் ஒரு ராணுவக் கம்பெனியை வழிநடத்திய இளம் அதிகாரி. அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. படங்களின் முடிவு வரை பேச வேண்டியிருக்கிறது. பார்க்காதவர்கள் அந்தந்தப் பதிலைப் படம் பார்த்த பிறகு படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: வைதாவைத் தெரியும், முங்க்கையும் ஓரளவு தெரியும். ஸ்தாவின்ஸ்கி பெயரை டைட்டிலில்கூட கவனித்ததில்லை. அவரைத் தனியாகப் பேசும் அளவுக்கு என்ன இருக்கிறது?

வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1957 ஜனவரியில் 'தண்டவாளத்தில் ஒருவன்', இயக்கம் அன்ஜேய் முங்க். அதே ஆண்டு ஏப்ரலில் 'கனாவ்', இயக்கம் அன்ஜேய் வைதா. 1958 ஜனவரியில் முங்க்கின் 'எரோய்கா'. 1959-இல் பாசென்டோர்ஃபரின் 'ஸமாஹ்'. 1960-இல் முங்க்கின் 'ஸெஸொவாத்தே ஷ்சென்ஷ்சியே' (மாறுகண் அதிர்ஷ்டம் என்று பொருள்). அதே 1960-இல் அலெக்சாந்தர் ஃபோர்டின் 'க்ஷிஜாத்ஸி', இதன் திரைக்கதையில் இவரும் ஒரு கை. மூன்றரை ஆண்டுகளில் ஆறு படங்கள்.

'போலந்துத் திரைப்பட மரபு' என்று உலகம் கொண்டாடும் காலகட்டம் இதுதான். அதில் இரண்டு ஓடைகள் உண்டு என்பார்கள். ஒன்று வைதாவின் உணர்ச்சிப் பெருக்கு, இன்னொன்று முங்க்கின் கூர்மையான, உணர்ச்சிவசப்படாத பார்வை. இரண்டும் எதிரெதிர் என்று பாடம் நடத்துகிறவர்கள் ஒன்றைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்: வைதாவின் 'கனாவ்', முங்க்கின் 'எரோய்கா' இரண்டும் ஒரே மேசையிலிருந்து போன கதைகள். இயக்குநர்களின் கூட்டாளியாக மட்டும் அவரை வைத்துப் பார்ப்பது நியாயமில்லை. அந்த மரபின் ஊற்றுக்கண் என்று அவரைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கேள்வி: பெயர்களை எப்படி உச்சரிப்பது? 'கனால்' என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

கடைசி எழுத்து குறுக்குக்கோடு போட்ட எல். போலிஷில் அதற்கு 'வ்' ஒலி. அதனால் 'கனாவ்'. பொருள், பாதாளச் சாக்கடை. 'கால்வாய்' என்று மொழிபெயர்த்தால் வெயிலும் காற்றும் கண்ணுக்கு வந்துவிடும், படத்துக்கு நேர் எதிர். எழுத்தாளரின் முதல் பெயர் 'யெஜி'. 'ஜெர்ஸி' என்று எழுதுவது ஆங்கிலக் கண்ணால் படிப்பது.

கேள்வி: அவரே சாக்கடைக்குள் போனவர் என்கிறார்களே, விளம்பரத்துக்காகச் சொல்வதா, உண்மையா?

உண்மை. 1944 ஆகஸ்ட் 1 மாலை 5 மணிக்கு வார்சாவில் எழுச்சி தொடங்கியது. நடத்தியது 'ஆர்மியா கிராயோவா', அதாவது தாயகப் படை என்ற தலைமறைவு ராணுவம். ஸ்தாவின்ஸ்கிக்கு அப்போது 23 வயது. நகரின் தெற்குப் பகுதியான மொகொதூவில் போரிட்ட 'பாஷ்தா' படைப்பிரிவில் தகவல் தொடர்புக் கம்பெனியின் தலைவர். எட்டு வாரம் தாக்குப்பிடித்த பிறகு செப்டம்பர் கடைசியில் மொகொதூவ் விழும் நிலை வந்தபோது, நகர மையத்தை நோக்கித் தன் ஆட்களோடு சாக்கடைக்குள் இறங்கினார்.

செப்டம்பர் 27-இல் மொகொதூவ் வீழ்ந்தது. அக்டோபர் 2-இல் சரணடையும் உடன்படிக்கை. மொத்தம் 63 நாள். போராளிகளில் ஏறத்தாழ 16,000 பேர், பொதுமக்களில் ஒன்றரை முதல் இரண்டு லட்சம் பேர் இறந்தார்கள். உடன்படிக்கையின்படி தாயகப் படையினர் போர்க்கைதிகளாக நடத்தப்பட்டார்கள். ஸ்தாவின்ஸ்கியும் ஜெர்மனியில் அதிகாரிகளுக்கான கைதிமுகாமுக்குப் போனார். இந்த மூன்றையும், அதாவது நகரப் போர், சாக்கடை, கைதிமுகாம் ஆகியவற்றை, அவர் வாழ்நாள் முழுக்க எழுதினார்.

கேள்வி: நான் சிவில் இன்ஜினியர். நூற்றுக்கணக்கான பேர் கழிவுநீர்க் குழாய்க்குள் கிலோமீட்டர் கணக்கில் நடப்பது நடைமுறையில் முடியுமா? படம் மிகைப்படுத்துகிறதா?

மிகைப்படுத்தவில்லை, குறைத்துத்தான் காட்டுகிறது. வார்சாவின் வடிகால் அமைப்பை வடிவமைத்தவர் வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1880-களில் வேலை தொடங்கியது, பிறகு அவர் மகன் முன்னின்று நடத்தினார். செங்கல் கட்டுமானம், முட்டை வடிவக் குறுக்குவெட்டு, குறுகலான பக்கம் கீழே. நீரோட்டம் குறைந்தாலும் வேகம் குறையாமலிருக்க அந்த வடிவம் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் மனிதக் காலுக்கு அது எமன். பாதம் வைக்கத் தட்டையான தரையே கிடையாது, ஒவ்வொரு அடியும் வழுக்கும்.

பெரிய பிரதானக் கால்வாய்களில் நிமிர்ந்து நடக்கலாம். சிறியவை 60 செ.மீ. அகலம், 110 செ.மீ. உயரம். இன்னும் தாழ்ந்தவையும் உண்டு, அங்கே தவழத்தான் வேண்டும். மூட்டை முடிச்சோடு, காயம்பட்டவனோடு, இருட்டில்.

வேகக் கணக்கு வேண்டுமானால் இன்னொரு வெளியேற்றத்தைப் பாருங்கள். செப்டம்பர் 1-2 இரவுகளில் பழைய நகரத்திலிருந்து ஏறத்தாழ 5,000 பேர் நகர மையத்துக்குச் சாக்கடை வழியே போனார்கள். தூரம் சுமார் 1.7 கி.மீ. ஆன நேரம் நாலைந்து மணி. மொகொதூவிலிருந்து தூரம் இதைவிட அதிகம்.

எங்கே பிசகும்? முதலாவது, மேன்ஹோல். மேலே ஜெர்மானியர் காது வைத்துக் கேட்பார்கள், சத்தம் வந்தால் கையெறிகுண்டு. அதனால் மூடிக்குக் கீழே வெளிச்சமும் பேச்சும் கூடாது. முன்னால் போகிறவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நகர வேண்டும். இரண்டாவது, வாயு. பல பேர் காலால் அடிவண்டலைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், கண் எரியும், பிதற்றல் வரும். போதாக்குறைக்கு ஜெர்மானியர் கார்பைடு கொட்டினார்கள். தண்ணீர் பட்டதும் அசிட்டிலீன் வாயு. மூன்றாவது, தடுப்பு. மணல் மூட்டை போட்டு அடைத்தால் தண்ணீர் தேங்கி மார்பளவு ஏறும். நான்காவது, மொகொதூவில் நடந்த மிகக் கொடிய பிசகு: தடுப்பைக் கண்டு திரும்பியவர்களும் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தவர்களும் குறுகிய குழாய்க்குள் நேருக்கு நேர் மோதிக்கொண்டார்கள். வழிதவறிய ஒரு கூட்டம் ட்வொர்கோவா தெருவில் ஜெர்மானியர் கையில் ஏறி வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை அங்கேயே சுட்டுக் கொன்றார்கள்.

வழி தெரிந்தவர்கள் என்றால் பெரும்பாலும் இளம் பெண்கள், செய்தி கொண்டுபோய்ப் பழகியவர்கள். படத்தில் வரும் ஸ்தொக்ரொத்கா அப்படிப்பட்டவள்.

கேள்வி: 'கனாவ்' கதையை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லுங்கள். எனக்கு யார் எந்தக் குழு என்பதே குழம்பிவிட்டது.

எழுச்சியின் 56-ஆம் நாள். லெப்டினன்ட் ஸாத்ராவின் கம்பெனியில் மிஞ்சியது 43 பேர். தொடக்கத்திலேயே பின்னணிக் குரல் சொல்லிவிடுகிறது, இவர்களுடைய வாழ்க்கையின் கடைசி மணி நேரங்கள் இவை என்று. ஏறத்தாழப் பாதிப் படம் தரைக்கு மேலே, மீதி கீழே.

கீழே இறங்கியதும் மூன்றாக உடைகிறார்கள். ஸாத்ரா, அவருடைய சார்ஜென்ட் கூலா, ஸ்முக்வி என்ற வீரன் ஒரு குழு. துணைத் தளபதி மோந்த்ரி, அவன் காதலி ஹலிங்கா, மிஹாவ் என்ற இசையமைப்பாளர் இன்னொன்று. காயம்பட்ட கோராப்பும் ஸ்தொக்ரொத்காவும் மூன்றாவது. இவை எல்லாம் புனைபெயர்கள். தலைமறைவுப் படையில் அசல் பெயரைச் சொல்வதில்லை. ஸாத்ரா என்றால் மரச் சிராய், மோந்த்ரி என்றால் புத்திசாலி, கூலா என்றால் துப்பாக்கிக் குண்டு, ஸ்தொக்ரொத்கா என்றால் டெய்சிப் பூ. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் குழப்பம் பாதி குறையும், வலி கூடும்.

ஒரு காட்சியை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். சுவரில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள்: 'யாத்செக்கைக் காதலிக்கிறேன்'. கோராப்பின் அசல் பெயர் யாத்செக். முன்பு இந்த வழியாகப் போனபோது எழுதியவள் ஸ்தொக்ரொத்கா. கண் மங்கிப்போன கோராப் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறான். அவள் வேறொரு பெயரை வாசிக்கிறாள். அவ்வளவுதான் காட்சி. சாகப்போகிற இடத்தில்கூட காதலை வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெண்ணை ஒரே ஒரு பொய்யில் நிறுத்திவிடுகிறார் மனிதர்.

கேள்வி: கம்யூனிஸ்ட் அரசு இந்தப் படத்தை எப்படி அனுமதித்தது? தாயகப் படை அவர்களுக்குப் பகைதானே?

பகைதான். அந்தப் படை லண்டனிலிருந்த நாடுகடந்த போலந்து அரசுக்கு விசுவாசமானது. 1945-க்குப் பிறகு அதன் வீரர்கள் கைதானார்கள், சிறையில் வாடினார்கள், சுவரொட்டிகளில் 'பிற்போக்கின் எச்சில் குள்ளன்' என்று இகழப்பட்டார்கள். பத்து வருடம் அந்த எழுச்சியை அனுதாபத்தோடு பேசவே வழியில்லை.

1956-இல் காற்று மாறியது. ஸ்டாலின் காலத்து இறுக்கம் தளர்ந்தது, கைதிகள் விடுதலையானார்கள், அக்டோபரில் கோமுல்கா ஆட்சிக்கு வந்தார். 'கனாவ்' குறுநாவலாக வெளிவந்ததும் அந்த ஆண்டுதான். 'காத்ர்' என்ற படக்குழு அதை எடுத்துக்கொண்டது. அதன் இலக்கியப் பொறுப்பில் இருந்தவர் எழுத்தாளர் ததேயுஷ் கொன்விட்ஸ்கி.

அனுமதிக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. முதலில் உரைநடையில் 'திரைக்குறுநாவல்'. படக்குழுவின் இலக்கியப் பொறுப்பாளர் அதைப் படித்து ஏற்க வேண்டும். பிறகு திரைக்கதையைத் திரைக்கதை மதிப்பீட்டுக் குழு அமர்ந்து அலசும். அது தாண்டினால் இயக்குநர் ஷாட் பிரித்து 'ஸ்செனோபிஸ்' எழுதுவார். படம் முடிந்த பிறகு 'கொலவ்தாத்சியா' என்ற திரையிடல், அங்கே மறுபடியும் விவாதம். தணிக்கை அதற்கும் மேலே. ஒவ்வொரு படியிலும் படம் நின்றுவிடலாம்.

இந்தப் பாதையைத் தாண்ட 'கனாவ்' கையாண்ட உத்தி மௌனம். ஸ்தொக்ரொத்காவும் கோராப்பும் வெளிச்சத்தைக் கண்டு ஊர்ந்து வருகிறார்கள். சாக்கடை விஸ்துலா ஆற்றில் திறக்கும் இடம் அது. ஆனால் கனத்த இரும்புக் கம்பி அழி போட்டிருக்கிறது. கண்ணைத் திறக்காதே, வெயில் கூசும் என்று அவனிடம் சொல்லிவிட்டு அவள் கம்பிக்கு அப்பால் பார்க்கிறாள். அக்கரை தெரிகிறது, வெறுமனே. 1944 செப்டம்பரில் அந்தக் கரையில் சோவியத் படை வந்து நின்றுகொண்டிருந்தது என்பது வார்சாவில் படம் பார்த்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வசனம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தணிக்கைக்காரர் வெட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை, ஆறு மட்டும்தான் இருக்கிறது.

கேள்வி: போலந்து மக்கள் கொண்டாடினார்களா?

இல்லை. 12 வருடம் காத்திருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் வீரத்தைத் திரையில் பார்க்க வந்தார்கள். மலத்தண்ணீரில் மூச்சுமுட்டிச் சாகிறவர்களைப் பார்த்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது எப்படியிருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால், அவர்களுடைய கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கான் விழாவில் 1957-இல் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு கிடைத்தது, பெர்க்மனின் 'ஏழாவது முத்திரை'யோடு பகிர்ந்துகொண்டது. அதன் பிறகுதான் உள்ளூரிலும் பேச்சு மாறியது.

கேள்வி: கடைசியில் ஸாத்ரா ஏன் கூலாவைச் சுட வேண்டும்? வெளியே வந்து தப்பித்துவிட்டார்களே. எனக்கு அது நாடகத்தனமாகப் பட்டது.

கூலா என்ன செய்தான் என்பதை மனதில் வையுங்கள். கம்பெனி பின்னால் வருகிறதா என்று ஸாத்ரா திரும்பத் திரும்பக் கேட்கிறார். வருகிறது என்று கூலா சொல்லிக்கொண்டே வருகிறான். உண்மையில் அவர்கள் எப்போதோ பின்தங்கிவிட்டார்கள். தளபதியைக் காப்பாற்ற வேண்டும், தானும் பிழைக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. கெட்டவன் இல்லை, விசுவாசிதான். நடுவில் வெளியேறும் வாயில் ஒன்றில் கட்டி வைத்திருந்த கையெறிகுண்டுகளை அவிழ்க்கும்போது ஸ்முக்வி செத்துப்போகிறான். மேலே வந்து சேர்ந்தது இரண்டே பேர்.

அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது கம்பெனியின் ஆள்பட்டியல். பட்டியல் இருக்கிறது, ஆட்கள் இல்லை. பொய்யைக் கேட்டதும் கூலாவைச் சுட்டுவிட்டு, மேன்ஹோலுக்குள் மறுபடி இறங்குகிறார். தேடிப் பயனில்லை என்று அவருக்கே தெரியும்.

எழுதியவர் சாக்கடைக்குள் ஒரு கம்பெனியை வழிநடத்திப்போன அதிகாரி. தன் ஆட்களுக்குப் பொறுப்பானவன் தான் மட்டும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் என்ன ஆவான் என்ற கேள்வியை அவர் அரங்கத்துக்காக உண்டாக்கவில்லை. உங்களுக்கு நாடகத்தனமாகப் படுவதை நான் அந்தப் படத்தின் மிக நேர்மையான நிமிடமாகப் பார்க்கிறேன்.

கேள்வி: அப்படி எழுதியவரே அடுத்த வருடம் அதே எழுச்சியை வைத்து நகைச்சுவை எழுதினாராமே?

'எரோய்கா'வின் முதல் பகுதி. ஜிஜுஷ் என்று ஒரு கள்ளச்சந்தைக்காரன். எழுச்சிப் பயிற்சியில் குண்டு விழுந்ததும் நழுவி ஊருக்கு வெளியே இருக்கும் வீட்டுக்கு வருகிறான். மனைவியோடு ஒரு ஹங்கேரிய அதிகாரி இருக்கிறார். ஹங்கேரி அப்போது ஜெர்மனியின் கூட்டாளி. அந்த அதிகாரியோ தன் பிரிவும் பீரங்கிகளும் போராளிகள் பக்கம் வரத் தயார், சோவியத் தரப்பில் தங்களுக்குப் பாதுகாப்பு உறுதி வேண்டும் என்கிறார். தூதனாக ஜிஜுஷ் முன்னணிக்கும் வீட்டுக்கும் அலைகிறான். அந்த உறுதியைக் கொடுக்கும் நிலையில் தாயகப் படை இல்லை, பேரம் முறிகிறது.

புகழ்பெற்ற ஒரு காட்சி: குடிபோதையில் ஆற்றோரம் நிற்கிறான் ஜிஜுஷ். அவனுக்குப் பின்னால் டாங்கி ஒன்று ஊர்ந்து வருகிறது. அவன் திரும்பவேயில்லை. அரங்கம் சிரிக்கும். சிரித்து முடித்த பிறகுதான், நகரமே அப்படி நின்றுகொண்டிருந்தது என்பது உறைக்கும். ஆனால் முடிவைக் கவனியுங்கள். எல்லாம் தோற்றது, மனைவி இருக்கிறாள், வீடு இருக்கிறது, பத்திரமாக உட்கார்ந்துகொள்ளலாம். ஜிஜுஷ் எரியும் வார்சாவுக்கே திரும்பி நடக்கிறான். ஸாத்ரா மேன்ஹோலுக்குள் இறங்கியதும் இவன் திரும்பி நடப்பதும் ஒரே செயல். ஒன்றில் அழுகிறோம், இன்னொன்றில் சிரிக்கிறோம்.

இரண்டாம் பகுதி கைதிமுகாம். ஸவிஸ்தோவ்ஸ்கி என்ற அதிகாரி தப்பிவிட்டார் என்று முகாமே நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் பலர் தலை நிமிர்ந்து இருக்கிறார்கள். உண்மையில் அவர் கட்டடத்தின் மேற்பரணில் ஒளிந்து வாடிக்கொண்டிருக்கிறார், ஓரிருவருக்கு மட்டும் தெரியும். செத்த பிறகும் அந்த உண்மை வெளியே வரக் கூடாது. வீரக்கதை ஒன்றைக் காப்பாற்ற ஒரு மனிதன் உயிரோடு புதைகிறான். மூன்றாவதாக ஒரு பகுதியும் படமாகியது. முங்க்குக்குத் திருப்தியில்லாமல் நீக்கினார். 1972-இல் தொலைக்காட்சியில் வந்தது. இரண்டு பகுதி மட்டும் உள்ள பிரதியைப் பார்த்து வெட்டப்பட்டது என்று நினைக்க வேண்டாம், அதுதான் முழுப் படம்.

கேள்வி: ரயில்வேயில் வேலை செய்தவன் நான். 'தண்டவாளத்தில் ஒருவன்' படத்தின் சிக்னல் விஷயம் சரியாகப் பிடிபடவில்லை.

பணி ஓய்வுக்குத் தள்ளப்பட்ட ஒஜெஹோவ்ஸ்கி என்ற பழைய என்ஜின் டிரைவர் இரவில் ரயில் மோதிச் சாகிறார். விசாரணை நடக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் துஷ்கா, முன்பு அவரிடம் உதவியாளராக இருந்து இப்போது டிரைவராகிவிட்ட ஸபோரா, சிக்னல் காவலர் ஸாவாத்தா ஆகிய மூவரும் தங்கள் பக்கத்தைச் சொல்கிறார்கள். முதல் வாக்குமூலத்தில் அவர் கர்வி, அரசுக்கு எதிரி, நாசவேலைக்காரராகவும் இருக்கலாம். நிலக்கரி மிச்சம் பிடிக்கும் இயக்கத்தை அவர் எதிர்த்தது சான்றாகிறது. மட்டமான கரியைப் போட்டால் என்ஜின் பாழாகும் என்பது அவர் வாதம். உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், தொழில் தெரிந்தவன் அதைத்தான் சொல்வான்.

சிக்னலில் இரண்டு விளக்கு எரிய வேண்டும். ஒன்று அணைந்திருக்கிறது. இங்கேதான் நுணுக்கம்: எல்லாம் அணைந்திருந்தால் டிரைவர் சந்தேகப்பட்டு நிறுத்துவார். ஒன்று மட்டும் எரிந்தால் அது முற்றிலும் வேறொரு உத்தரவு, வேகத்தைக் குறைக்க வேண்டாம் என்று பொருள். அரைகுறைப் பழுது முழுப் பழுதைவிட ஆபத்தானது. நடந்து வந்த கிழவர் அதைப் பார்த்துவிட்டு, நிறுத்த வேறு வழியில்லாமல் தண்டவாளத்தில் போய் நிற்கிறார். ரயிலில் இருந்தவர்கள் பிழைக்கிறார்கள். ஸ்டாலின் காலத்தில் ஒரு மனிதனைக் கோப்பில் எழுதி வைத்துத் தீர்ப்புச் சொல்லும் முறை எப்படி இருந்தது என்பதற்கு இதைவிடச் சுத்தமான படம் எனக்குத் தெரியாது. முங்க்குக்கு இந்தப் படத்துக்காக கார்லோவி வாரி திரைப்பட விழாவில் இயக்குநர் விருது கிடைத்தது.

கேள்வி: வைதா படமாக்கிய 'சாம்பலும் வைரமும்' எழுதியதும் இவர்தானே?

இல்லை, யெஜி அன்ஜெயெவ்ஸ்கி. முதல் பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி: திரைக்கதை எழுதப் பழகுகிறேன். இவரிடமிருந்து கைவேலையாக என்ன கற்கலாம்? பொதுவாகச் சொல்லாமல் செய்முறையாகச் சொன்னால் நல்லது.

முதலில் உரைநடையாக எழுதுங்கள். 'கனாவ்', 'எரோய்கா'வின் இரு பகுதிகள், ஒஜெஹோவ்ஸ்கி கதை, எல்லாம் முதலில் சிறுகதையாகவோ குறுநாவலாகவோ இருந்தவை. காட்சி எண், கேமரா எதுவும் இல்லாமல் தானாக நிற்கிற கதை. அது நிற்காவிட்டால் திரைக்கதை வடிவம் அதைத் தூக்கி நிறுத்தாது.

அடுத்தது, முடிவை ஒளிக்காத துணிச்சல். எல்லோரும் சாவார்கள் என்று முதல் நிமிடத்திலேயே சொன்னால், 'யார் பிழைப்பார்' என்ற மலிவான பதற்றம் போய்விடும். 'எப்படி நடந்துகொள்வார்கள்' என்பது மட்டும் மிஞ்சும். இதைப் போலச் செய்கிறவர்கள் தவறுவது எங்கே என்றால், முடிவைச் சொல்லிவிட்டு நடுவில் மறுபடி தப்பிக்கும் ஆசை காட்டிப் பார்வையாளரை ஏமாற்றுவதில்.

43 பேர் என்று எண்ணிக்கை சொல்கிறார், ஆனால் பெயரும் முகமுமாக நிலைப்பவர்கள் எட்டுப் பத்துப் பேர். அவர்களையும் மேலே இருக்கும்போதே அறிமுகப்படுத்தி முடித்துவிடுகிறார், ஏனென்றால் இருட்டில் புது ஆளை அறிமுகப்படுத்த முடியாது. கீழே போன பிறகு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பொருள்: இசையமைப்பாளரின் கையில் ஒக்காரினா என்ற ஊதுகுழல், ஸாத்ராவின் குழுவிடம் ஆள்பட்டியல், ஸ்தொக்ரொத்கா முன்னால் கம்பி அழி. இருட்டில் முகம் தெரியாது, பொருளும் ஒலியும்தான் அடையாளம். மிஹாவ் புத்தி பேதலித்து அந்தக் குழலை ஊதிக்கொண்டே போகும்போது, ஒலி மட்டும் சுரங்கத்தில் மிதந்து வருவதைக் கேளுங்கள்.

இன்னொன்று: பாத்திரத்தின் தவறு அவனுடைய நல்ல குணத்திலிருந்தே வரட்டும். கூலாவின் பொய் விசுவாசத்திலிருந்து வருகிறது, ஒஜெஹோவ்ஸ்கியின் பிடிவாதம் தொழில் நேர்மையிலிருந்து.

கேள்வி: அவர் இயக்கவில்லையா?

இயக்கினார். 1960-களில் 'ரொஸ்வொதூவ் நியே பென்ஜியே', 'பிங்வின்' ஆகியவை சமகால இளைஞர்களைப் பற்றியவை. 1966-இல் வந்த ஒரு படத்தை மனைவி ஹெலெனா அமிராஜிபியோடு சேர்ந்து இயக்கினார். பார்க்கத் தகுந்தவைதான், ஆனால் எழுத்தாளராக அவர் எட்டிய உயரம் அங்கே இல்லை. நேரம் குறைவென்றால் இவற்றை விட்டுவிட்டு, 1962-இல் வந்த 'இருபது வயதில் காதல்' தொகுப்பில் வைதா இயக்கிய வார்சா பகுதியைப் பாருங்கள், எழுத்து இவருடையது. மிருகக்காட்சிசாலையில் கரடிக் குழியில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றும் நடுவயதுக்காரனை இளைஞர்கள் வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். கண்ணாமூச்சி விளையாட்டில் அவன் கண்ணைக் கட்டியதும், அவனுக்குத் துப்பாக்கிப் படை முன்னால் நின்றது நினைவுக்கு வருகிறது. இளைஞர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களுக்குப் போர் தெரியாது.

கேள்வி: எந்த வரிசையில் பார்ப்பது?

'தண்டவாளத்தில் ஒருவன்', 'கனாவ்', 'எரோய்கா', 'ஸெஸொவாத்தே ஷ்சென்ஷ்சியே'. இந்த நான்கும் வெளிவந்த வரிசையே சரி. 'கனாவ்' பார்ப்பதற்கு முன் 'எரோய்கா' வேண்டாம், சிரிப்பின் எடை தெரியாது. 'ஸமாஹ்' 1944 பிப்ரவரி 1-இல் வார்சாவின் எஸ்எஸ் (நாஜிப் படை) தலைவன் குச்சேராவைத் தாயகப் படை சுட்டுக்கொன்ற நிகழ்வைத் தழுவியது, விறுவிறுப்பானது, தனியாகவும் பார்க்கலாம். 'க்ஷிஜாத்ஸி' 1410 கிருன்வால்ட் போர் பற்றிய பிரம்மாண்ட வண்ணப்படம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், போலந்தில் 3 கோடிக்கு மேல் பார்வையாளர்கள். ஸ்தாவின்ஸ்கியின் குரலைத் தேடி அதற்குள் போக வேண்டாம், அது சியென்கியேவிச் நாவலின் குரல். 'கனாவ்' முடிந்தவரை சீரமைத்த பிரதியில், இருட்டறையில் பாருங்கள். பழைய மங்கிய பிரதிகளில் லிப்மனின் ஒளிப்பதிவு வெறும் கறுப்பாகிவிடும், சுவர் எழுத்தே தெரியாது.

கேள்வி: பிஷ்ச்சிக் பாத்திரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அவனை வெறுப்பதா, இரங்குவதா? பிற்காலத்தில் ஸ்தாவின்ஸ்கி அவனை மறுபடி எழுதினாராமே.

யான் பிஷ்ச்சிக், 'ஸெஸொவாத்தே ஷ்சென்ஷ்சியே'வின் நாயகன், நடித்தவர் போகுமிவ் கோபியேலா. எந்தக் காலம் வந்தாலும் அந்தக் காலத்துக்கேற்ற வேஷம் போட்டு ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறவன், ஒவ்வொரு முறையும் அடி வாங்குகிறவன். 1939-இல் ஆளில்லாத படைமுகாமில் ஆசைக்கு ராணுவ உடுப்பைப் போட்டுப் பார்க்கிறான், அந்தக் கோலத்திலேயே ஜெர்மானியர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கைதிமுகாமில் வீரன் என்று பொய் சொல்கிறான், குட்டு உடைகிறது. போருக்குப் பின் அலுவலகத்தில் விசுவாசி ஆகப் பார்க்கிறான், அதுவும் வினையாகிறது. இந்தக் கதை முழுவதையும் அவன் சொல்வது சிறை அதிகாரியிடம். விடுதலை வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று கெஞ்சுவதற்காக. நான் இரங்குகிற பக்கம். அவன் யாருக்கும் கெடுதல் செய்யத் திட்டமிடுகிறவன் இல்லை, பயந்தவன். அந்த நூற்றாண்டில் போலந்தில் பயப்படாமல் இருந்தவர் எத்தனை பேர்?

முங்க் 1961 செப்டம்பர் 20-இல் கார் விபத்தில் இறந்தார். கோபியேலாவும் 1969-இல் கார் விபத்தில். 1980-களின் முடிவில் ஸ்தாவின்ஸ்கி மறுபடி பிஷ்ச்சிக்கை எடுத்து எழுதிய படத்தில் யெஜி ஷ்தூர் நடித்தார்.

ஆனால் பிஷ்ச்சிக்குக்கு உண்மையான பதில் வேறொரு படத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 1995-இல், ஆட்சி மாறிய பிறகு, காஜிமியெஷ் கூத்ஸ் இயக்க இவர் எழுதிய 'புவ்கோவ்னிக் க்வியாத்கோவ்ஸ்கி', அதாவது கர்னல் க்வியாத்கோவ்ஸ்கி. நாயகன் ராணுவ மருத்துவர், மாரெக் கோந்த்ராத் நடித்தது. போர் முடிந்த கையோடு பாதுகாப்புத் துறை என்ற கம்யூனிஸ்ட் ரகசியக் காவலின் கொடுங்காலம். இவன் அந்தத் துறையின் பெரிய அதிகாரி என்று ஆள்மாறாட்டம் செய்கிறான், விளையாட்டாகத் தொடங்கி. பிஷ்ச்சிக் போலவே பொய் உடுப்பு, பொய் பதவி. ஆனால் இவன் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு சிறைக் கதவுகளைத் திறக்கச் சொல்லி உத்தரவு போடுகிறான், உள்ளே கிடந்தவர்கள் வெளியே வருகிறார்கள். படம் வந்தபோது எழுதியவருக்கு 74 வயது.